ஆர்த்தோபீடிக் பயோமெக்கானிக்ஸில் நிதியுடன் முனைவர் ஆய்வு இடம்: தேடலிலிருந்து சம்மதம் வரை

எலும்பு, மூட்டு, இம்ப்ளான்ட் (உடலுக்குள் பொருத்தும் செயற்கைப் பாகம்) சார்ந்த பயோமெக்கானிக்ஸில், அதாவது உடல் பாகங்களின் விசையையும் அசைவையும் ஆராயும் துறையில், முனைவர் ஆய்வு செய்ய வேண்டும். கல்விக் கட்டணமும் மாதச் செலவும் கிடைக்கிற இடமாகவும் இருக்க வேண்டும். அப்படித் தேடுகிறவர்களுக்கான வழிகாட்டி இது.

புதியவர்கள் பலர் முதலில் பல்கலைக்கழகத் தரவரிசையைத் திறக்கிறார்கள். அப்புறம் துறை, அப்புறம் பேராசிரியர், கடைசியில்தான் பணம். நான் சொல்லும் வரிசை நேர் எதிரானது: முதலில் மானியம் (ஆய்வுத் திட்டத்துக்குக் கிடைத்த நிதி), பிறகு ஆய்வுக்கூடம், பிறகு எந்தத் துறை வழியாக விண்ணப்பிப்பது, கடைசியில் பல்கலைக்கழகத்தின் பெயர். இந்தத் துறையில் மாணவருக்குப் போகும் பணத்தில் பெரும்பகுதி தனித்தனி ஆய்வுத் திட்டங்களுக்குள் இருக்கிறது. திட்டம் தொடங்கும் தேதி, முடியும் தேதி இரண்டும் முன்பே தெரிந்தவை. எவ்வளவு பெரிய பேராசிரியர் ஆனாலும், அவருடைய திட்டம் மார்ச்சில் முடிந்து அடுத்தது இன்னும் கிடைக்கவில்லை என்றால், செப்டம்பரில் உங்களைச் சேர்க்க அவரிடம் காசு இருக்காது.

1. தேடலுக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

சேர விரும்பும் மாதத்துக்கு ஏறக்குறைய பதினைந்து மாதம் முன்பே தொடங்குங்கள். அமெரிக்காவில் ஆகஸ்ட் சேர்க்கைக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் முந்தைய டிசம்பரிலேயே முடிந்துவிடும். ஐரோப்பாவில் பல இடங்கள் வேலை விளம்பரம் போல ஆண்டு முழுவதும் வரும். சில விளம்பரங்களுக்குச் சில வாரங்களே அவகாசம் இருக்கும். விளம்பரத்தைப் பார்த்த பிறகு காகிதம் திரட்டத் தொடங்கினால் தாமதம்தான்.

மதிப்பெண் பட்டியல், அதன் அளவுகோல் விளக்கம், இரண்டு பக்கத் தன்விவரம், கடவுச்சீட்டு, தேவையான இடங்களுக்கு ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், இவ்வளவும் தயாராக இருக்கட்டும். ஐஎல்டிஎஸ், டோஃபல் மதிப்பெண்கள் இரண்டு ஆண்டுதான் செல்லும். அதனால் ரொம்ப முன்கூட்டியே எழுதிவிடுவதிலும் பயனில்லை.

இன்னொன்றையும் இப்போதே பாருங்கள். அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்தோடு நேரடியாக முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஐரோப்பாவின் பெரும்பாலான இடங்களில் முதுகலை முடித்திருக்க வேண்டும். முதுகலைக்கு மட்டும் முழு நிதி கிடைப்பது இந்த இரண்டு இடங்களிலும் அரிது. விதிவிலக்காக எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலை உதவித்தொகை போன்றவை உண்டு. கையில் இளநிலைப் பட்டம் மட்டும் இருந்தால், எந்தக் கண்டத்தில் தேடுவது என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

2. கிளையை முடிவு செய்யுங்கள்

“எனக்குப் பயோமெக்கானிக்ஸில் ஆர்வம்” என்று எழுதுகிறவரை எந்த ஆய்வுக்கூடத்தில் வைப்பது என்று யாருக்கும் தெரியாது. வேலையின் தன்மையை வைத்துப் பார்த்தால் இந்தத் துறை ஏறத்தாழ இப்படிப் பிரிகிறது.

இம்ப்ளான்ட் சோதனையும் தேய்மானமும்: இடுப்பு, முழங்கால் செயற்கை மூட்டுகள், சிமுலேட்டர்கள், ஐஎஸ்ஓ 14242, ஐஎஸ்ஓ 14243 போன்ற தரநிலைகள். எந்திரப் பொறியியலும் பொருள் அறிவியலும் (மெட்டீரியல்ஸ் சயின்ஸ்) தெரிந்தவர்களுக்கு ஏற்றது.

எலும்பு முறிவைப் பொருத்துதல்: தகடு, திருகு, எலும்புக்குள் செருகும் உள்ளாணி ஆகியவற்றின் விறைப்பும், திரும்பத் திரும்பச் சுமை விழுந்தால் எவ்வளவு காலம் தாங்கும் என்ற களைப்பு ஆயுளும். செயற்கை எலும்பிலும் இறந்தோர் உடலிலிருந்து பெற்ற எலும்பிலும் சோதனை நடக்கும்.

எலும்புத் திசுவும் மென்திசுவும்: மைக்ரோ சிடி, குருத்தெலும்பு, தசைநாண்கள், செல்கள் சுமையை உணரும் விதம். பாதி வேலை உயிரியல் மேசையில்.

நடையும் தசை எலும்பு மாதிரிகளும்: அசைவுப் பதிவு, விசைத் தகடு, ஓப்பன்சிம் அல்லது எனிபாடி மென்பொருள். நிரல் எழுத வராதவர்கள் இங்கே திணறுவார்கள்.

கணினி மாதிரி: சிடி படத்திலிருந்து ஃபைனைட் எலிமென்ட் மாதிரி (பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்து விசைகளைக் கணக்கிடும் முறை). மேலே சொன்ன எல்லாக் கிளைகளிலும் கலந்து வரும்.

ஒன்றை முதன்மையாகவும் இன்னொன்றை மாற்றாகவும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வேண்டாம். தேடுசொற்கள் சிதறும், விண்ணப்பத்தோடு எழுதும் நோக்க அறிக்கையும் (ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ்) சிதறும்.

3. பணம் எந்த வடிவில் வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இதைத் தெரிந்துகொள்ளாமல் விளம்பரம் படித்தால் பாதி புரியாது.

அமெரிக்காவில் மூன்று வழி: பேராசிரியரின் திட்டத்திலிருந்து ஆய்வு உதவியாளர் பணி, துறையிலிருந்து கற்பித்தல் உதவியாளர் பணி, தனி ஃபெலோஷிப். தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பட்டதாரி ஃபெலோஷிப்பும், தேசியச் சுகாதார நிறுவனத்தின் எஃப்31 ஃபெலோஷிப்பும் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. வெளிநாட்டு மாணவர்கள் அவற்றில் நேரம் செலவழிக்க வேண்டாம். ஆய்வு உதவியாளர் இடத்தைத்தான் குறிவைக்க வேண்டும்.

நெதர்லாந்திலும் சுவிட்சர்லாந்திலும் முனைவர் மாணவர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர். ஜெர்மனியிலும் திட்டப் பணியில் சேர்கிறவர் அப்படியே. ஜெர்மன் விளம்பரத்தில் டிவி-எல் இ13 என்று ஊதியப் படிநிலையும், பக்கத்தில் முழு வேலை நேரத்தில் 65 அல்லது 75 சதவீதம் என்றும் இருக்கும். அந்தச் சதவீதம் நீங்கள் கையில் வாங்கும் சம்பளத்தைத் தீர்மானிக்கிறது. அதைப் பார்க்காமல் முழுச் சம்பளம் என்று கணக்குப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிரிட்டனில் கவனிக்க வேண்டியது கட்டணம். சில உதவித்தொகைகள் உள்நாட்டு மாணவருக்கான கட்டணத்தை மட்டுமே ஈடுகட்டும். வெளிநாட்டவர் மீதித் தொகையைத் தாமே கட்ட வேண்டும். “முழு நிதி” என்று தலைப்பில் இருந்தாலும் தகுதிப் பத்தியை வரிவரியாகப் படியுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்வடோவ்ஸ்கா-கியூரி முனைவர் வலையமைப்புகளுக்கு (பல நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து முனைவர் மாணவர்களைச் சேர்க்கும் திட்டங்கள்) எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பணியில் சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில், சேரப்போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. அந்த நாட்டிலேயே முதுகலை படித்து முடித்தவர்கள் பலர் இந்த விதியில்தான் மாட்டுகிறார்கள். அவர்கள் அதே வலையமைப்பில் வேறு நாட்டில் உள்ள இடத்தைப் பார்க்க வேண்டும்.

4. மானியத் தரவுத்தளத்தில் தேடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் தான் நிதி தரும் திட்டங்களை என்ஐஎச் ரிப்போர்ட்டர் என்ற பொதுத் தளத்தில் வைத்திருக்கிறது. திட்டத் தலைப்பு, தலைமை ஆய்வாளர், சுருக்கம், தொகை, தொடக்க நாள், முடிவு நாள் எல்லாம் அதில் உண்டு. உங்கள் கிளைக்கான சொல்லைப் போட்டு, நடப்பிலுள்ள திட்டங்களை மட்டும் வடிகட்டுங்கள். மூட்டு, தசை, எலும்பு ஆய்வுகளுக்குப் பணம் தரும் பிரிவு என்ஐஏஎம்எஸ் என்பதால், நிதி தரும் நிறுவனம் என்ற வடிகட்டியில் அதையும் தேர்ந்துகொள்ளலாம்.

ஐரோப்பியத் திட்டங்களுக்குக் கார்டிஸ், பிரிட்டனுக்கு கேட்வே டு ரிசர்ச், ஜெர்மன் ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு கெப்ரிஸ். எல்லாம் இலவசம், கணக்குத் தொடங்காமலே தேடலாம்.

இப்போது தேதிகளைப் படியுங்கள். அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் ஆர்01 என்ற வகைத் திட்டம் பொதுவாக நான்கைந்து ஆண்டு ஓடும். முதல் அல்லது இரண்டாம் ஆண்டில் இருக்கும் திட்டம் உங்களுக்குப் பொன்னானது: வேலை நிறைய மிச்சமிருக்கிறது, ஆள் தேவைப்படுகிறது. கடைசி ஆண்டில் இருக்கும் திட்டத்தில் மாணவர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார்கள். அப்படிப்பட்ட ஆய்வாளரை அடியோடு விட்டுவிடத் தேவையில்லை. அவருக்கு வேறு திட்டம் நடப்பில் இருக்கிறதா என்று பெயரைப் போட்டு ஒருமுறை தேடினால் போதும்.

தரவுத்தளத்தில் வராத பணமும் உண்டு. இம்ப்ளான்ட் நிறுவனங்கள் தரும் நிதி பொதுப் பட்டியலில் இருக்காது. அதைக் கண்டுபிடிக்க, அந்த ஆய்வுக்கூடத்தின் சமீபத்திய கட்டுரைகளில் நிதி அறிவிப்பையும் நலமுரண் (கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்) அறிவிப்பையும் பாருங்கள். ஜர்னல் ஆஃப் பயோமெக்கானிக்ஸ், ஜர்னல் ஆஃப் ஆர்த்தோபீடிக் ரிசர்ச், கிளினிக்கல் பயோமெக்கானிக்ஸ் ஆகிய இதழ்களின் கடந்த இரண்டு ஆண்டுக் கட்டுரைகள் போதும். நன்றியுரையில் திட்ட எண்ணே இருக்கும்.

இதைச் செய்து முடிக்கும்போது ஒரு விரிதாள் உருவாகியிருக்க வேண்டும்: ஆய்வாளர், திட்டம், முடிவு நாள், கருவிகள், சமீபத்திய கட்டுரை, எந்தத் துறை. பதினைந்திலிருந்து இருபது பெயர் நல்ல அளவு. ஐம்பதுக்குப் போனால் யாரையும் ஒழுங்காகப் படிக்க மாட்டீர்கள்.

5. ஆய்வுக்கூடம் ஓரிடம், பட்டம் வேறிடம்

இந்தத் துறைக்கே உரிய பொறி இது. ஆய்வுக்கூடம் மருத்துவக் கல்லூரியின் எலும்பியல் துறையில் இருக்கும். ஆனால் அந்தத் துறை முனைவர் பட்டம் தராது. மாணவர்கள் உயிர்மருத்துவப் பொறியியல் அல்லது எந்திரப் பொறியியல் வழியாகச் சேர்வார்கள். சில ஆய்வு நிறுவனங்கள் பல்கலைக்கழகமே இல்லை. டாவோஸில் உள்ள ஏஓ ஆய்வு நிறுவனத்தில் வேலை செய்யும் முனைவர் மாணவர் பதிவு செய்திருப்பது வேறொரு பல்கலைக்கழகத்தில்.

எனவே ஒவ்வொரு பெயருக்கும் எதிரே “எந்தப் பட்டப்படிப்பு வழியாக” என்று ஒரு கட்டம் வையுங்கள். எளிதான வழி, அங்கே இப்போது இருக்கும் மாணவர்களின் பக்கத்தைப் பார்த்து அவர்கள் எந்தத் துறையில் பதிவாகியிருக்கிறார்கள் என்று அறிவது. தவறான துறைக்கு விண்ணப்பித்தால், பேராசிரியர் உங்களை விரும்பினாலும் உங்கள் கோப்பு அவர் கண்ணில் படாமலே போகலாம்.

6. காட்டுவதற்கு ஒரு வேலையை முடியுங்கள்

கடிதம் எழுதும் முன் இது வேண்டும். நல்ல மதிப்பெண் உள்ளவர்கள் எல்லோரும் விண்ணப்பிக்கிறார்கள். ஒரு சிறு பிரச்சினையைத் தாமாக முடித்துக் காட்டியவர்கள் குறைவு. சோதனைக்கூடம் இல்லாமலேயே இதைச் செய்யலாம்.

நடைக் கிளை என்றால் ஓப்பன்சிம்மை இறக்கி, 23 விடுதலைப் படிகளும் (தனித்தனியாக அசையக்கூடிய வழிகள்) 92 தசை இயக்கிகளும் உள்ள கெய்ட்2392 மாதிரியை எடுங்கள். அளவுபொருத்தம், தலைகீழ் இயக்கவியல் (பதிவான அசைவிலிருந்து மூட்டுக் கோணம் காண்பது), மூட்டுத் திருப்புவிசைக் கணக்கு, தசை விசைப் பகிர்வு என்ற வரிசையில் ஒரு நடைத் தரவை முழுவதும் ஓட்டுங்கள். கிடைத்த மூட்டு விசையை ஆர்த்தோலோடு தரவோடு ஒப்பிடுங்கள். அது பெர்லின் ஷரிட்டேயின் ஜூலியஸ் வோல்ஃப் நிறுவனம், உணரி பொருத்திய செயற்கை மூட்டுகள் கொண்ட நோயாளிகளிடம் அளந்து பொதுவில் வைத்திருக்கும் தொகுப்பு. நடக்கும்போது இடுப்பு மூட்டில் விழும் உச்ச விசை உடல் எடையைப் போலச் சுமார் இரண்டரை மடங்கு. உங்கள் மாதிரி நாலரை மடங்கு காட்டினால் ஏன் என்று தேடுவதுதான் உண்மையான பயிற்சி.

கணினி மாதிரிக் கிளை என்றால் ஃபைனைட் எலிமென்ட் கணக்குக்கான ஃபெபியோ, சிடி படத்திலிருந்து வடிவம் எடுக்க 3டி ஸ்லைசர், இந்த இரண்டு மென்பொருளும் இலவசம். ஒரு தொடை எலும்பு, ஒரு தகடு, நாலைந்து திருகு போதும். இங்கே பெரும்பாலோர் சறுக்கும் இடம் வண்ணப் படம். சிவப்பாக இருக்கும் உச்சத் தகைவை (ஸ்ட்ரெஸ்) எடுத்து முடிவாக எழுதுகிறார்கள். அந்த உச்சம் கூர்மூலையிலோ புள்ளிச் சுமை வைத்த இடத்திலோ இருந்தால், மெஷ்ஷை (மாதிரி பிரிந்திருக்கும் சிறு துண்டுகளின் வலை) நுணுக்க நுணுக்க ஏறிக்கொண்டே போகும். அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. மூன்று அளவு மெஷ்ஷில் ஓட்டி, முடிவு எங்கே நிலைபெறுகிறது, எங்கே நிலைபெறவில்லை என்று ஒரு வரைபடம் போடுங்கள். அந்த ஒரு வரைபடம் பத்து வண்ணப் படங்களைவிட அதிகம் பேசும்.

முடித்ததை இரண்டு பக்கமாக எழுதுங்கள்: கேள்வி, எடுத்துக்கொண்ட அனுமானங்கள், முடிவு, எது நம்பத்தகாதது. கடைசிப் பகுதியைத் தவிர்க்காதீர்கள். அதைப் படித்துத்தான் உங்களுக்கு ஆய்வு மனம் இருக்கிறதா என்று எடைபோடுவார்கள்.

7. முதல் மின்னஞ்சல்

இருநூறு சொல்லுக்குள். விளம்பரம் இல்லாத இடங்களுக்கு விண்ணப்பக் கெடுவுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பு அனுப்புங்கள். அப்போதுதான் அடுத்த ஆண்டு எத்தனை பேரைச் சேர்ப்பது என்று அவர்கள் யோசிக்கத் தொடங்குவார்கள்.

பலர் இப்படி எழுதுகிறார்கள்: “தங்கள் புகழ்பெற்ற ஆய்வுக்கூடத்தின் பணிகள் என்னை மிகவும் ஈர்த்தன. வாய்ப்பளித்தால் கடுமையாக உழைப்பேன்.” யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பதால் இதை யாருமே படிப்பதில்லை.

இப்படி எழுதலாம்: “முதுகெலும்புத் திருகு தளர்வது பற்றிய உங்கள் திட்டம் இன்னும் மூன்று ஆண்டு நடப்பதைப் பார்த்தேன். கடந்த ஆண்டுக் கட்டுரையில் எலும்பை ஒரே சீரான பொருளாக எடுத்திருக்கிறீர்கள். சிடி அடர்த்தியிலிருந்து விறைப்பைக் கணக்கிட்டால் தளர்வு தொடங்கும் இடம் மாறுமா என்று சிறிய மாதிரி ஒன்றில் பார்த்தேன். இரண்டு பக்கம் இணைத்துள்ளேன். அடுத்த செப்டம்பருக்கு நிதியுடன் மாணவரைச் சேர்க்கும் எண்ணம் உண்டா?”

பணத்தைப் பற்றி நேராகக் கேட்பது மரியாதைக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. “இந்த ஆண்டு இல்லை” என்ற பதில் வந்தால் இரு தரப்புக்கும் நேரம் மிச்சம்.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அதோடு நிறுத்துங்கள். ஒரே துறையில் மூன்று பேருக்கு ஒரே நாளில் ஒரே கடிதம் அனுப்பாதீர்கள். அவர்கள் ஒரே கூட்டத்தில் உட்காருகிறவர்கள்.

8. விண்ணப்பமும் பரிந்துரைக் கடிதங்களும்

மூன்று கடிதங்களில் ஒன்றாவது உங்கள் ஆய்வு வேலையை நேரில் பார்த்தவரிடமிருந்து வரட்டும். பதவியில் பெரியவர் எழுதும் பொதுவான கடிதத்தைவிட, சோதனைக்கூடத்தில் உங்களை மேற்பார்த்தவர் எழுதும் குறிப்பான கடிதம் எடை கூடியது. ஆறு வாரம் முன்பே கேளுங்கள். தன்விவரத்தையும் உங்கள் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

நோக்க அறிக்கையில் சிறுவயதில் கால் முறிந்த கதை வேண்டாம். அந்தக் கதை இந்தத் துறையில் எல்லோரிடமும் இருக்கிறது. செய்த வேலை, அதில் எழுந்த கேள்வி, அந்தக் கேள்விக்கு இந்த ஆய்வுக்கூடம் ஏன் பொருத்தம், இவை போதும்.

9. நேர்காணல்

இரண்டு வகைக் கேள்வி வரும். ஒன்று உங்கள் பழைய வேலை பற்றியது: ஏன் அந்த எல்லை நிபந்தனை (மாதிரியை எங்கே பிடித்து நிறுத்தி எங்கே சுமை வைத்தீர்கள்), எத்தனை சோதனைத் துண்டுகள், எதோடு ஒப்பிட்டீர்கள். மற்றது அடிப்படை இயக்கவியல். ஒற்றைக் காலில் நிற்பவரின் இடுப்பு மூட்டு விசையை வெள்ளைப் பலகையில் வரைந்து கணக்கிடச் சொல்வது பழைய, இன்றும் நிற்கும் கேள்வி. பக்கவாட்டுத் தசையின் நெம்புகரம் (மூட்டிலிருந்து விசைக்கோடு வரை உள்ள தூரம்) உடல் எடையின் நெம்புகரத்தைவிடச் சிறியது என்பதால்தான் மூட்டு விசை உடல் எடையைத் தாண்டுகிறது. இதை மனப்பாடமாகச் சொல்லாமல் படம் போட்டுக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

சில எண்களும் நாவில் இருக்கட்டும். நீளவாக்கில் புறணி எலும்பின் (கெட்டியான வெளி எலும்பு) மீள்தன்மைக் குணகம், அதாவது விறைப்பின் அளவு, சுமார் 17 ஜிகாபாஸ்கல், டைட்டானியக் கலவை சுமார் 110, கோபால்ட் குரோம் 200க்கு மேல். தொடை எலும்புக்குள் செருகிய செயற்கை மூட்டின் விறைப்பான தண்டு சுமையைத் தானே வாங்கிக்கொள்ள, பக்கத்து எலும்பு வேலையில்லாமல் மெலிகிறது என்ற விளக்கம் இந்த எண்களிலிருந்தே வருகிறது.

உங்கள் முறை வரும்போது எந்திர நேரம் பற்றிக் கேளுங்கள். புதியவர்கள் கேட்பதே இல்லை. இடுப்பு மூட்டுத் தேய்மானச் சோதனை 50 லட்சம் சுழற்சி ஓட வேண்டும். நொடிக்கு ஒரு சுழற்சி என்றால் நிறுத்தாமல் ஓடினாலே ஏறக்குறைய 58 நாள். நடுநடுவே கழற்றி எடைபோடும் நாட்கள் தனி. அந்த எந்திரத்தை நாலு பேர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்றால் உங்கள் ஆய்வேட்டின் கால அட்டவணை அங்கேயே தெரிந்துவிடும்.

பேராசிரியரிடம் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். இப்போதைய மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். சராசரியாக எத்தனை ஆண்டில் முடிக்கிறார்கள், கட்டுரைகளில் முதல் பெயர் யாருடையது என்று கேளுங்கள். எலும்பியல் துறைகளில் பயிற்சி மருத்துவர்களுக்கும் ஆய்வுக் கட்டுரை தேவை. மாணவர் மாதக்கணக்கில் செய்த சோதனைக்கு முதல் பெயர் வேறொருவருக்குப் போகும் வழக்கம் சில இடங்களில் உண்டு. சேர்ந்த பிறகு தெரிந்தால் மாற்றுவது கடினம்.

10. ஆஃபர் கடிதத்தைப் படிப்பது

தொகையை மட்டும் பார்க்காதீர்கள். அது ஒன்பது மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா? ஒன்பது என்றால் கோடை மாதங்களுக்கு யார் தருகிறார்கள்? கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடியா, அதைத் தவிர வேறு கட்டணங்கள் உண்டா? மருத்துவக் காப்பீடு? எத்தனை ஆண்டுக்கு உறுதி? திட்டம் நடுவில் முடிந்தால் துறை கற்பித்தல் பணி தருமா? பேராசிரியர் வேறு இடம் போனால் என்ன? இவற்றுக்கு மின்னஞ்சலில் எழுத்தாகப் பதில் வாங்குங்கள். வாய்மொழியாக “பார்த்துக்கொள்ளலாம்” என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நிறுவன நிதி என்றால் கூடுதலாக ஒரு கேள்வி: முடிவுகளை வெளியிட அவர்கள் ஒப்புதல் வேண்டுமா, எவ்வளவு காலம் நிறுத்திவைக்கலாம்? ஆய்வேட்டையே முடக்கும் நிபந்தனை இருந்தால் கையெழுத்துக்கு முன்பே பேசித் தீர்க்க வேண்டும்.

விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவோ இடத்தை உறுதி செய்யவோ தனி ஆளின் கணக்குக்குப் பணம் கேட்டால் அது ஏமாற்று.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல ஏப்ரல் 15 தீர்மானத்தில் கையெழுத்திட்டவை. நிதியுடன் கூடிய ஆஃபருக்கு அந்தத் தேதிக்கு முன் முடிவு சொல்லும்படி அவை உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. நெருக்கினால் பணிவாக அந்தத் தீர்மானத்தைக் குறிப்பிட்டு அவகாசம் கேளுங்கள். ஐரோப்பிய வேலை ஒப்பந்தங்களுக்கு இது பொருந்தாது; அங்கே ஒன்றிரண்டு வாரத்தில் பதில் எதிர்பார்ப்பார்கள்.

11. சம்மதம் சொன்ன பிறகு

மற்ற ஆஃபர்களை அன்றே எழுத்தில் மறுத்துவிடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் இருப்பவருக்கு அந்த இடம் போகும். விசா வேலையை உடனே தொடங்குங்கள்.

மனித எலும்பையும் திசுவையும் தொடும் ஆய்வுக்கூடம் என்றால் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி பற்றி முன்பே கேளுங்கள். முழுத் தவணையும் முடிய மாதக்கணக்கில் ஆகலாம். உயிரியல் பாதுகாப்புப் பயிற்சி, நெறிமுறைக் குழு அனுமதி ஆகியவை உங்கள் பெயருக்கு வரும் வரை சோதனை மேசைக்கு விட மாட்டார்கள். எந்த அனுமதி ஏற்கெனவே இருக்கிறது, எதில் உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று சேரும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிட்டால், முதல் சில மாதங்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டி வராது.